பவுனம்மாளின் டிக்ரி

முதலில் கை நீளும். உள்ளங்கையில் காசு விழுந்து விரல்கள் மூடிய பிறகுதான், இன்னொரு கையில் அந்தரத்தில் நிற்கிற கரண்டி சாயும். ரங்கூனில், பசுந்தாங் ஓடைக்கரையில், அரிசி ஆலைகளுக்குப் பின்னாலுள்ள சந்தில், பவுனம்மாளின் சாப்பாட்டுக் கடையில் பகல் பதினொரு மணி தொடங்கி இரண்டு மணி வரை இதே கூத்துதான். நூறு பேர் வந்தால் நூறு தடவை கை நீளும். கோயில் பண்டாரம் வந்தாலும் நீளும். ஆலைக் குமாஸ்தா கோட்டும் தொப்பியுமாக வந்து உட்கார்ந்தாலும் நீளும். கூடப் பிறந்த தம்பி பொன்னுத்துரை துறைமுகத்திலிருந்து வேர்க்க விறுவிறுக்க வந்தாலும் நீளும்.

"என்னக்கா, எங்கிட்டயுமா?" என்று தம்பி ஒரு நாள் கேட்டே விட்டான்.

"ஏன், நீ மட்டும் காத்தைக் குடிச்சிட்டா போகப் போற? கை மேல காசு, தட்டு மேல சோறு. இஷ்டம்னா இரு, கஷ்டம்னா எந்திரி."

தம்பி இருந்தான். வேறு என்ன செய்வான்? அந்த ரசத்தை விட்டுவிட்டு எழுந்து போகிற மனிதன் ரங்கூனில் இன்னும் பிறக்கவில்லை.

பவுனம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கலாம். கேட்டால், "எந்த வருசத்து வயசு கேக்குற?" என்பாள். வாட்டசாட்டமான உடம்பு. இரண்டு பக்கமும் மூக்குத்தி. ஆலைச் சங்கு ஊதும்போதுகூட அவள் பேச்சு தெளிவாகக் காதில் விழும். இடுப்பில் ஒரு மூக்குப்பொடி டப்பி. புருஷன் போன மறு மாதம் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டியவள், இன்று வரை அதை அணைக்கவில்லை. பர்மியப் பெண்கள் அவள் கடையில் எலுமிச்சங்காய் ஊறுகாய் வாங்கிப் போவார்கள். அவள் அவர்களிடம் நாப்பி என்கிற மீன் விழுதை வாங்க மாட்டாள். "அந்த மீன் வாடைக்கு என் ரசம் கோவிச்சிக்கும்" என்று அவர்கள் பாஷையிலேயே சொல்லுவாள். அவர்களும் சிரித்துக்கொண்டே போவார்கள்.

கடையின் உள்ளே, அரிசி மூட்டைகளுக்கு மேலே ஒரு மாடம். அதில் முருகன் படம் ஒன்று, அதற்குச் சரி சமமாக ஒரு பிஸ்கோத்துத் தகர டப்பா. வெள்ளிக்கிழமைதோறும் முருகனுக்கு விபூதி, டப்பாவுக்கும் விபூதி. அவருக்குச் சாம்பிராணி, டப்பாவுக்கும் சாம்பிராணி. புதிதாக வந்த ஆள் யாராவது, "உள்ள என்ன தாயி, நகையா?" என்று கேட்டால் பவுனம்மாள் முகத்தில் ஒரு பெருமை வரும்.

"நகையை எவனும் களவாண்டுட்டுப் போயிருவான். இது டிக்ரி. கோர்ட்டு எழுதிக் குடுத்த தீர்ப்பு. இதை எவனும் தொட முடியாது."

கரையான் அரிக்காமல் கற்பூரம், பூச்சி வராமல் வேப்பிலை, ஈரம் ஏறாமல் இரண்டு பிடி புழுங்கல் அரிசி. அதற்கு நடுவே நாலாக மடித்த அந்தக் காகிதம் படுத்திருக்கும். பவுனம்மாளுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனால் ஜட்ஜு துரை கையெழுத்து எந்த மூலையில் இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை வைத்துக் காட்டுவாள்.

அந்த டிக்ரி வந்த கதை பசுந்தாங்கில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கும் அவளே சொல்லிவிடுவாள்.

அப்போதெல்லாம் அவள் கடையில் கை நீளாது. ஆலையில் நெல் வந்து குவிகிற நாலு மாதமும் கூலிகள் கூட்டம் கூட்டமாக வந்து தின்பார்கள். காசு தருவது அவர்கள் இல்லை, மேஸ்திரி. கூலியில் சாப்பாட்டுக்கென்று பிடித்துக்கொண்டு, பருவம் முடிந்ததும் மொத்தமாகக் கடைக்காரிக்குக் கொடுப்பது வழக்கம். எல்லாக் கடையிலும் அப்படித்தான். குழந்தைவேலு மேஸ்திரி அப்படித்தான் இருபத்திரண்டு ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்தான். நாலு மாதம் தின்றார்கள். ஆட்களிடம் பிடித்த காசில் மேஸ்திரி ஒரு சம்பான் படகு வாங்கினான். அது இரண்டாவது நாளே நடு ஆற்றில் முழுகியது. மேஸ்திரி மட்டும் நீந்தி அக்கரையில் டாலாவில் ஏறினான். பிறகு கோர்ட்டு அழைத்த நாளைத் தவிர இக்கரைப் பக்கம் தலை காட்டவே இல்லை.

முந்நூறு ரூபாய்க்கு மேல். சோற்றுக் கடைக்காரிக்கு அது ஒரு வருஷத்து மூச்சு. சரி, கஷ்டம்தான், ஆனாலும் அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாமல் போனது வேறு. வழக்கு கோர்ட்டுக்கு வந்த அன்று, கூண்டில் ஏறிய குழந்தைவேலு சத்தியம் பண்ணிவிட்டு ஒரு வார்த்தை சொன்னான்.

"இந்தம்மா கையால நாங்க ஒரு பருக்கைகூடத் தின்னதில்லீங்க."

உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பது இதுதானே! ஆட்களில் ஒருவனும் சாட்சிக்கு வரவில்லை. மேஸ்திரியைப் பகைத்துக்கொண்டால் அடுத்த வருஷம் வேலை ஏது? எழுதி வைத்த கணக்கும் இல்லை. துரை அவளைப் பார்த்தார். பவுனம்மாள் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"மாரிச்சாமிக்குக் கத்திரிக்காய் ஆகாதுங்க, உடம்பு தடிக்கும். அவனுக்கு மட்டும் தனியாப் புடலங்காய். சின்னத்தம்பி மூணு தடவ ரசம் வாங்கிக் குடிப்பான், நாலாவது தடவ கேக்க வெக்கப்பட்டு என் மூஞ்சியப் பாப்பான். நல்லையா சோத்துல ஒரு கல்லு இருந்தா அதை எடுத்து வரிசையா எல்லாருக்கும் காட்டுவான். இந்தா நிக்கிறாரே மேஸ்திரி, இவருக்கு எலுமிச்சங்காய் ஊறுகாய் இல்லேன்னா தொண்டைக்குள்ள இறங்காது..."

இருபத்திரண்டு பேருக்கும் சொன்னாள். மேஸ்திரியோடு இருபத்து மூன்று. துபாஷி இங்கிலீஷில் சொல்லச் சொல்லத் துரை எழுதினார், நடுவில் இரண்டு தடவை சிரித்தார், கடைசியில் மேஸ்திரியை ஏற இறங்கப் பார்த்தார். தீர்ப்பு தைப்பூசத்துக்கு முந்தின நாள் வந்தது. பவுனம்மாள் ஜெயித்தாள். மறுநாள் பூசத்தன்று அவள் பால்குடம் எடுத்த வேகத்தைப் பார்த்துக் காவடிக்காரர்களே ஒதுங்கி வழிவிட்டார்களாம்.

வழக்கில் வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான் என்று சொல்லுவார்கள். பவுனம்மாள் வென்றாள். காசுதான் வரவில்லை.

டிக்ரியை எடுத்துக்கொண்டு, கோர்ட்டு அமீனாவையும் கூட்டிக்கொண்டு, அவள் டாலாவுக்குச் சம்பானில் போனாள். மேஸ்திரியின் வீடு மாமியார் பேரில் இருந்தது. மாடு மாமியார் பேரில். கொல்லையில் மேய்ந்த ஒரு சேவலை அமீனா ஜப்தி செய்யக் கையை வைத்தார். மாமியார் ஓடி வந்து, அதுவும் தன்னுடையதுதான் என்று சேவல் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். "அந்தாளு கட்டியிருக்கிற கைலியையும் கேட்டுப் பாருங்க, அதுவும் மாமியாருதாத்தான் இருக்கும்" என்றாள் பவுனம்மாள். கேட்டார்கள். அப்படித்தான் இருந்தது.

ஆளையே பிடித்து உள்ளே போடலாம் என்றும் ஒரு வழி உண்டு. ஆனால் உள்ளே இருக்கிற நாளெல்லாம் அவனுடைய சாப்பாட்டுச் செலவை டிக்ரி வைத்திருப்பவர்தான் கட்ட வேண்டும் என்று சட்டம். இதைக் கேட்டதும் பவுனம்மாளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

"நான் காசு கட்டி அவனுக்குச் சோறு போடணுமா? அதைப் போட்டுட்டுத்தானேய்யா கோர்ட்டுக்கே வந்தேன்!"

வக்கீல் குமாஸ்தா சாதிக் பாட்சாவுக்கு அன்று சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மொகல் தெருவில் ஒரு வக்கீல் ஆபீஸின் மாடிப்படிக்குக் கீழே மேஜை போட்டிருக்கிற மனிதர். இந்த ஒன்பது வருஷமாக அந்த டிக்ரிக்கு மருத்துவம் பார்க்கிறவர் அவர்தான். டிக்ரி என்றால் என்ன என்று முதல் நாளே அவளுக்குப் புரிய வைத்தவரும் அவரே.

"அம்மா, டிக்ரிய உங்க ஊறுகாய் மாதிரி நெனைக்காதீங்க. மூடி வெச்சா வருசக் கணக்கா இருக்கும்னு இருந்துராதீங்க. மூணு வருசத்துக்குள்ள ஒரு தடவ, 'இதை நிறைவேத்திக் குடுங்க'ன்னு கோர்ட்டுல மனுப் போடணும். போட்டா இன்னொரு மூணு வருசத்துக்கு உயிரு. ஒரே ஒரு நாள் தப்பினாலும் வெறும் காயிதம். பொட்டலம் மடிக்கலாம்."

"மூணு வருசம். அவ்வளவுதானே பாய்? நான் பாத்துக்கிறேன்" என்றாள் பவுனம்மாள்.

பார்த்துக்கொண்டாள். மூன்றாவது தைப்பூசத்துக்கு முந்தின நாள், கடையைத் தம்பி கையில் விட்டுவிட்டு, புதுப் புடவை கட்டிக்கொண்டு, முந்தானையில் ஸ்டாம்புக் காசையும் கையில் ஒரு ஜாடி ஊறுகாயையும் எடுத்துக்கொண்டு, ஆள் இழுக்கிற லாஞ்சா வண்டியில் ஏறி மொகல் தெருவுக்குப் போனாள். சாதிக் பாட்சா மனு எழுதினார், கைநாட்டு வாங்கினார், அன்றே கோர்ட்டில் போட்டார். சில நாள் கழித்து அமீனாவோடு டாலா பயணம். குழந்தைவேலு கொல்லைப்புறமாக ஓடுவான். அமீனா மாமியாரின் சேவலைப் பார்த்துவிட்டுத் திரும்புவார். அதற்கும் மூன்று வருஷம் கழித்து மறுபடியும் அதே புடவை, அதே ஊறுகாய், அதே ஓட்டம். சேவல் மட்டும் வேறு.

ஓடுகிறவன் ஓட, அவன் பர்மியப் பெண்சாதி மா மியா ஓட மாட்டாள். பாயை விரித்து, அமீனாவுக்கும் பவுனம்மாளுக்கும் தேநீரும், ஊறவைத்த தேயிலையில் எள்ளும் வேர்க்கடலையும் கலந்த லப்பெயும் வைப்பாள். பவுனம்மாளை "அமா" என்பாள். அவர்கள் பாஷையில் அக்கா. பவுனம்மாள் அவள் புருஷனை வாயில் வந்தபடி திட்டுவாள். மா மியா ஒவ்வொரு திட்டுக்கும் தலையாட்டிவிட்டு, தன் பங்குக்கு இரண்டு சேர்த்துச் சொல்லுவாள். இரண்டு பேருக்கும் பொழுது நன்றாகப் போகும்.

"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு இருக்கே அக்கா உன் கதை" என்று தம்பி பொன்னுத்துரை அலுத்துக்கொள்வான். "ஸ்டாம்பு, குமாஸ்தா, அமீனா, சம்பான் கூலி. வராத காசுக்கு இன்னும் எத்தனை காசு?"

அப்போது மட்டும் பவுனம்மாள் கத்த மாட்டாள்.

"காசு கிடக்குது போ. அவன் என்ன சொன்னான், நான் சோறே போடலேன்னான். துரை என்ன எழுதுனாரு, நான் போட்டேன்னு எழுதுனாரு. அந்தக் காயிதம் உசிரோட இருக்கிற வரைக்கும் நான் போட்டது நெசம். அது செத்துச்சுன்னா நாளைக்கு எவன் வேணும்னாலும் சொல்லலாம், பவுனம்மா யாருக்கும் ஒரு பருக்கை போட்டதில்லேன்னு."

தம்பி எழுந்து போய் அடுப்புக்கு விறகு தள்ளினான்.

இந்த வருஷம், அதாவது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்திரண்டில், மறுபடியும் மூன்றாவது பூசம். தை மாதம் பிறந்து பொங்கல் போயிற்று. பூசம் வரவில்லை. தை பாதி ஆயிற்று. வரவில்லை. இந்தத் தடவை பூசம் மாதக் கடைசிக்குத் தள்ளிப் போயிருந்தது. பவுனம்மாள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. பூசம் என்றைக்கு வந்தாலும் பூசம் பூசம்தானே. முந்தின நாள் காலையில் புடவையும் ஜாடியுமாக மாடிப்படிக்குக் கீழே போய் நின்றாள்.

"வாங்கம்மா வாங்க" என்றார் சாதிக் பாட்சா. ஊருக்குப் போயிருந்தவர், போன வாரம்தான் கப்பலில் திரும்பியிருந்தார். "எப்பவும்போல ரெண்டு மூணு நாள் முந்தியே..." என்று சொல்லிக்கொண்டே பழைய கட்டைப் பிரித்தவர், போன மனுவின் தேதியைப் பார்த்தார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி மறுபடியும் பார்த்தார்.

"அம்மா... ஜனவரி பதினஞ்சோட முடிஞ்சு போச்சே."

"என்னது முடிஞ்சு போச்சு?"

"டிக்ரிதான். இன்னிக்குப் பிப்ரவரி ஆயிருச்சு. மூணு வாரத்துக்கு மேல ஆகுது."

"அதெப்படி பாய்? நாளைக்குத்தானே பூசம்?"

சாதிக் பாட்சா தலையில் கையை வைத்துக்கொண்டார். "யா அல்லா! பூசத்தை வெச்சா கணக்குப் பாத்தீங்க?"

"தீர்ப்பு வந்தது பூசத்துக்கு மொத நாளு. மூணு பூசம் போனா மூணு வருசம். இதுல என்ன தப்பு? போன ரெண்டு தடவையும் சரியாத்தானே வந்துச்சு?"

"அந்த ரெண்டு தடவையும் உங்க பூசம் ரெண்டு மூணு நாள் முன்னால வந்துச்சும்மா. நானும் இந்தம்மா எவ்வளவு கெட்டி, கெடு முடியறதுக்குள்ள டாண்ணு வந்துருதேன்னு நெனச்சேன். உங்க பூசம் நிலாவப் பாத்து வர்றது. ஒரு வருசம் முந்தும், ஒரு வருசம் பிந்தும். எங்க நோன்பும் அப்படித்தான், வருசா வருசம் பத்து நாள் முன்னால ஓடும். அதனாலதான் கோர்ட்டு விஷயத்துல நாங்க பிறையை நம்புறதில்லை. துரைக்குப் பூசமும் தெரியாது, பெருநாளும் தெரியாது. இங்கிலீஷ் தேதி ஒண்ணுதான்."

பவுனம்மாள் மேஜைப் பக்கம் குனிந்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நாலு வாரம் முன்னாடி தேதி போட்டு எழுதிருங்களேன் பாய், யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"எழுதலாம். அப்புறம் ஜெயிலுக்கு நீங்க போறீங்களா, நான் போகவா?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டார். "இந்த மூணு வருசத்துல அவன் உங்களுக்கு ஏதாச்சும் எழுதிக் குடுத்தானா? கடன் உண்டுதான்னு ஒரு வரி, கையெழுத்தோட? அது இருந்தாக்கூட ஒரு வழி பாக்கலாம்."

"கொல்லைப்பக்கம் ஓடுறவன் எங்கேருந்து எழுதிக் குடுப்பான்?"

அவ்வளவுதான். சாதிக் பாட்சா கட்டை மெதுவாகக் கட்டினார். ஊறுகாய் ஜாடியை வாங்க மாட்டேன் என்றார். அவள் அதை மேஜையிலேயே வைத்துவிட்டு, லாஞ்சாகூடப் பிடிக்காமல் பசுந்தாங் வரைக்கும் நடந்தே வந்தாள்.

மறுநாள் பால்குடம் எடுத்தாள். வேண்டுதலை விட முடியாதே. ஆனால் சந்நிதியில் நின்று முருகனை அவள் பிடித்த பிடி, பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்டது. "ஏய்யா, உன் நாளை நம்பித்தானேய்யா கணக்கு வெச்சேன்! ஊரெல்லாம் சுத்துற மயில்தானே, ஒரு எட்டு மொகல் தெருப்பக்கம் போயி அந்தக் காலண்டரைப் பாத்துட்டு வந்து சொல்லப்படாதா?" குருக்கள் விபூதியைக் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்து அனுப்பினார்.

அதற்கு அடுத்த நாள்தான் கடையில் எல்லாரும் பயந்து போனார்கள். பதினொரு மணிக்குச் சங்கு ஊதியது. வந்தவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். பவுனம்மாள் கரண்டியை எடுத்தாள். சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. கை நீளவில்லை.

பழைய மேஸ்திரி கூட்டத்து ஆட்களில் ஒருவனான சின்னத்தம்பி இன்றைக்கும் அந்தக் கடையில்தான் சாப்பிடுகிறான். சாட்சிக்கு வராமல் போனதற்குப் பிராயச்சித்தம் போல, எல்லாருக்கும் முன்னால் காசை நீட்டுகிறவன் அவன்தான். அன்று அவன் நீட்டிய காசு அந்தரத்திலேயே நின்றது.

"அக்கா, காசு வாங்கலியே?"

"வெச்சிட்டுப் போ எங்கயாச்சும்."

ஆளாளுக்குத் திருதிருவென்று விழித்தார்கள். கடைசியில் ஒவ்வொருவராக எழுந்து, தண்ணீர்க் குடத்துப் பலகை மேல் காசை வைத்துவிட்டுப் பூனை மாதிரி வெளியே போனார்கள். ஒருவனும் ஏமாற்றவில்லை. ரசத்தில் மட்டும் உப்பு இல்லை. அதைச் சொல்ல ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை. மாடத்தில் டப்பா இருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. முருகனுக்கு விபூதி வைத்தவள் டப்பாவைத் தொடவில்லை.

மூன்றாம் நாள் பகல், பந்தி முக்கால்வாசி நிறைந்திருந்த நேரம். வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். இளைத்துக் கறுத்த உடம்பு, நரைத்த மீசை, கையில் வாழை இலைப் பொட்டலம். உள்ளே வராமல் வாசற்காலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். முதலில் அடையாளம் கண்டவன் சின்னத்தம்பி. கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

"மேஸ்திரி!"

பவுனம்மாள் திரும்பினாள். குழந்தைவேலு மேஸ்திரிதான். ஒன்பது வருஷமாக முதுகை மட்டுமே காட்டிய மனிதனின் முகத்தை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"நல்லாத்தான் இருக்கீங்களா அக்கா?" என்றான் அவன்.

"ஏன், எனக்கு என்ன கேடு?"

"இல்ல... எனக்கும் கெடுத் தேதி தெரியுங்க. ஆலைக்காரன் குடுத்த காலண்டரைச் சுவத்துல மாட்டிக் கரியால கோடு போட்டுட்டே வந்தேன். பதினஞ்சாம் தேதி தாண்டி ஒரு வாரமாச்சு, அமீனா வரல. தப்பிச்சோம்டா சாமின்னு மாமியாரு சேவலை அடிச்சுக் கொழம்பு வெச்சோம். அடுத்த வாரமும் வரல, அதுக்கடுத்த வாரமும் வரல. மா மியா தினம் கேக்குறா, அமா ஏன் வரல, செத்துக்கித்துப் போச்சான்னு. போய்ப் பாத்துட்டு வான்னு கழுத்தப் புடிச்சுத் தள்ளாத குறை. எனக்கும் மூணு நாளா சோறு இறங்கல." பொட்டலத்தை நீட்டினான். "லப்பெ. உங்களுக்குன்னு குடுத்துவிட்டா."

"டிக்ரிதான் செத்துச்சு" என்றாள் பவுனம்மாள். "நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். பாத்தாச்சுல்ல? போ."

அவன் போகவில்லை. பொட்டலத்தைப் பலகையில் வைத்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். வரிசைக் கடைசியில், சின்னத்தம்பிக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். என்ன நெஞ்சழுத்தம்! கடையே மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தது.

"காலையில சம்பான்ல ஏறினது அக்கா. பசிக்குது" என்றான். பிறகு தட்டை முன்னால் இழுத்துக்கொண்டு, தன் போக்கில் கேட்டான்: "எலுமிச்சங்காய் ஊறுகாய் இன்னும் போடுறீங்களா? அந்த நாலு மாசம் இங்க தின்ன ருசி அப்புறம் எங்கயும் கிடைக்கல."

பவுனம்மாள் கையிலிருந்த கரண்டி நின்றது.

"என்ன சொன்ன?"

அவனுக்குத் தான் சொன்னது அப்போதுதான் உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"என்ன சொன்னேன்னு கேக்குறேன். இன்னொருக்கா சொல்லு. உரக்கச் சொல்லு."

குழந்தைவேலு தட்டைப் பார்த்தான். பிறகு தலையைத் தூக்கினான்.

"தின்னேங்கக்கா. நாலு மாசம், நானும் என் ஆளுக இருபத்திரண்டு பேரும் உங்க கையாலதான் தின்னோம். அன்னிக்குக் கூண்டுல நின்னு சொன்னது பொய். சொன்னதுலேருந்து எந்தச் சோறும் எனக்கு ருசிச்சதில்ல."

பவுனம்மாள் நிமிர்ந்தாள். பந்தியில் இருந்த முப்பது பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்தது, அவள் துடைக்கவில்லை.

"கேட்டீங்களாடா?" என்றாள். ஆலைச் சங்கை அமுக்குகிற அந்தக் குரல் கடைக்குத் திரும்பி வந்திருந்தது. "எல்லாரும் கேட்டீங்களா?"

"கேட்டோம்க்கா!" என்றான் சின்னத்தம்பி, மற்றவர்களுக்கு முன்னால். இந்தச் சாட்சியைச் சொல்ல அவனுக்கு ஒன்பது வருஷம் பிடித்தது.

பவுனம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சோற்றுக் கரண்டியோடு வரிசைக் கடைசிக்குப் போனாள். மேஸ்திரிக்கு முன்னால் நின்றாள். கரண்டி அந்தரத்தில் நின்றது. இன்னொரு கை நீண்டது.

மேஸ்திரி இடுப்பைத் தடவி ஒரு சதுர ரெண்டணாவை எடுத்து அந்தக் கையில் வைத்தான். விரல்கள் மூடின. ஆனால் கரண்டி சாயவில்லை. அவள் திரும்பி உள்ளே போனாள். கல்லாப் பெட்டியைத் தாண்டி மாடத்துக்குப் போய், பிஸ்கோத்து டப்பாவைத் திறந்தாள். செத்துப் போன அந்தக் காகிதத்தின் மேல் ரெண்டணாவை வைத்து மூடினாள்.

"அப்ப இந்தச் சோத்துக்குக் காசு?" என்றான் மேஸ்திரி, ஒன்றும் புரியாமல்.

"அது பழைய சோத்துக்கு. இது கடன். நாளைக்கு வந்து குடு" என்றாள் பவுனம்மாள். கரண்டியைச் சாய்த்து, கேட்காமலே ஊறுகாயை இரண்டு துண்டாக வைத்தாள்.